போர்வெல் தண்ணீரில் யுரேனியம்: எந்த ஃபில்டர் எதற்கு?

கர்நாடகத்தின் கோலார், பஞ்சாபின் பட்டிண்டா வட்டாரங்களில் போர்வெல் தண்ணீரில் யுரேனியம் அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. இதற்கு அணு உலை எதுவும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. கருங்கல் பாறையிலேயே யுரேனியம் இயல்பாக உண்டு. பைகார்பனேட் மிகுந்த நிலத்தடி நீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனமும் நம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) தரமும் சொல்லும் வரம்பு ஒன்றுதான்: லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். கதிர்வீச்சைக் காட்டிலும் சிறுநீரகத்துக்கு வரும் கேட்டை முன்வைத்தே இந்த வரம்பு குறிக்கப்பட்டது.

ஃபில்டர் வாங்குமுன் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். கடைக்காரர், கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் விட்டு, "நூற்றிருபதுதான் சார், நல்ல தண்ணி" என்பார். வழக்கமான அந்த மீட்டர் ஒவ்வொரு மில்லிகிராமாகத்தான் எண்ணும். யுரேனிய வரம்போ 0.03 மில்லிகிராம். அந்த எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

"எங்கள் வீட்டில் சாஃப்ட்னர் இருக்கிறதே" என்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. சாஃப்ட்னர் ரெசின் நேர்மின் அயனிகளைப் பிடிப்பது. கால்சியத்தோடு, அதே பாறையிலிருந்து வரக்கூடிய இன்னொரு கதிரியக்கத் தனிமமான ரேடியத்தையும் பிடித்துவிடும். போர்வெல் நீரில் யுரேனியம் பெரும்பாலும் கார்பனேட்டோடு சேர்ந்து எதிர்மின் அயனியாகத் திரிவதால், அதே ரெசினைத் தாண்டி நேரே குழாய்க்கு வந்துவிடும். யுரேனியத்துக்கு வேண்டியது எதிர்மின் அயனியைப் பிடிக்கும் ரெசின். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித் தொட்டிதான். எந்த ரெசின் என்று கேட்டு வாங்குங்கள். உப்புக் கரைசல் விட்டுக் கழுவும்போது, பிடித்ததெல்லாம் அந்தக் கழிவுநீரில் வந்துவிடும். அதைக் கிணற்றோரம் விடக் கூடாது.

ஆர்.ஓ. மெம்பிரேன் யுரேனியம், ரேடியம் இரண்டையும் பெருமளவு தடுக்கும். குறை, அது வீணாக்கும் தண்ணீர். அந்த ரிஜெக்ட் நீரில் யுரேனியம் இன்னும் செறிவாக இருக்கும்; கழிவறைக்கு ஊற்றலாம், மாட்டுக்கு வைக்காதீர்கள்.

கார்பன் கார்ட்ரிட்ஜ் வாடையை எடுக்கும். யுரேனியத்துக்கு அதை நம்ப முடியாது. யு.வி. விளக்கு கிருமிக்கு மட்டும். கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகிக் குறையும், யுரேனியம் அப்படியே தங்கிச் செறிவுதான் கூடும்.

அதே பாறையிலிருந்து தண்ணீரில் கரையும் கதிரியக்க ரேடான் வாயு வேறு வகை. ஆர்.ஓ.வால் அது நிற்காது. தண்ணீரைக் காற்றில் தெளித்து விழவிட்டால் பெரும்பகுதி பறந்துவிடும். தொட்டிக்கு நல்ல காற்றோட்டம் இருக்க வேண்டும். ரேடான் மிகுந்த நீருக்குக் கார்பன் தொட்டி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிடித்த ரேடான் அதற்குள்ளேயே சிதைந்து, 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ஈயம்-210 சேர்ந்து, ஃபில்டரே கதிர்வீச்சு தரும் பொருளாகிவிடும்.

என் முடிவு: ஆற்றுநீர்க் குழாய் இணைப்போ மழைநீர்த் தொட்டியோ இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள். இல்லாவிட்டால், யுரேனியம் வரம்பைத் தாண்டிய வீட்டுக்குச் சமையலறையில் ஒரு சிறிய ஆர்.ஓ. போதும். குளிக்கும் நீரில் யுரேனியம் தோல் வழியே உள்ளே போவது மிகக் குறைவு என்பதால் வீடு முழுவதுக்கும் பொருத்தத் தேவையில்லை. பொருத்திய பிறகு வெளிவரும் நீரையும் ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.