தறி மனையும் நாட்டு மருத்துவமும்

ஆரணிப் பட்டின் அழகை அறியாதார் தமிழகத்தில் அரியர். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இந்நகரினும், இதனைச் சூழ்ந்த ஊர்களினும் நெய்யப்பெறும் சேலைகள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. சேலையைக் கண்டு வியக்கும் நாம், அதனை நெய்தவரின் உடல் நிலையை எண்ணுவதில்லை. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

குழித்தறியில் நெய்பவர் கால்களைக் குழியினுள் இறக்கி, மிதிகளை மாறி மாறி மிதித்து, குனிந்த வண்ணம் பொழுதெல்லாம் உழைக்கின்றனர். நுண்ணிய இழைகளை நோக்கிக் கண்கள் சோர்வுறும். இடுப்பும் கழுத்தும் முழங்காலும் நோவுறும். இவை உணரப்படும் துன்பங்கள். உணரப்படாத நோய்களும் உள. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் பல்லாண்டுகள் வலியின்றி உடலிற் குடியிருந்து, பின்னர் இருதயம், மூளை, சிறுநீரகம், கண் முதலியவற்றைத் தாக்க வல்லன. நெய்த அளவிற்கே கூலி பெறுவோர், வலியில்லாத நோயின்பொருட்டு மருத்துவமனையிற் காத்திருப்பரேல், அன்றைய ஊதியத்தை இழப்பர். ஆகவே போகாதிருப்பர். இஃது அறியாமை மட்டுமன்று, வறுமையின் கணக்குமாகும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், மருத்துவம் நான்கு உறுப்புக்களை உடையது என்றார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்பன அவை. இவற்றை ஓர் அரசு எங்ஙனம் அமைக்கக் கூடும் என்பதற்குத் தமிழ்நாடு தக்க சான்றாகும்.

முதலாவது மருத்துவர். சென்னை மாகாணத்தில் 1922-ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனித்துறை ஏற்பட்டது. 1939-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. நோயைத் தீர்ப்பது ஒரு தொழில். குடிநீர், கழிவு, தொற்றுநோய் ஆகியவற்றைக் கண்காணித்து நோயைத் தடுப்பது மற்றொரு தொழில் என்னும் தெளிவு இதனால் நிலைபெற்றது. பின்னர் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊர்தோறும் பரவின.

இரண்டாவது மருந்து. மருத்துவர் இருந்தும் மருந்தில்லையேல் பயனென்? 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகட்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளின் வாயிலாக வழங்கி வருகின்றது. மொத்தமாக வாங்குதலின் விலை குறையும். சோதித்து வழங்குதலின் நம்பிக்கை வளரும்.

மூன்றாவது உதவுவோர். முதல்நிலை மருத்துவம் மக்கள் வாழும் இடத்திற்கும் தொழில் புரியும் இடத்திற்கும் இயன்றவரை அருகில் இருத்தல் வேண்டும் என்று 1978-இல் அல்மா ஆட்டா நகரிற் கூடிய உலக மகாநாடு அறிவித்தது. நெசவாளர்க்கோ இவ்விரண்டும் ஓரிடமே, வீடே தறிச்சாலை. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில், மகளிர் தன்னார்வலர் இல்லந்தோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து, நோயுடையார்க்கு மாத்திரைகளைக் கையிற் சேர்க்கின்றனர். இயன்முறை மருத்துவமும், படுக்கையிற் கிடப்போர்க்கு ஆதரவுச் சிகிச்சையும் இதில் அடங்கும். தறியை விட்டு எழாதவரிடம் மருத்துவமே நடந்து வருவது சிறு மாறுதலன்று.

எஞ்சியது நான்காவது உறுப்பாகிய நோயாளி. இவ்வுறுப்பை எச்சட்டமும் ஆக்கவியலாது. பலர் சில திங்கள் மாத்திரை உண்டு, உடல் நலமாயிருக்கக் கண்டவுடன் நிறுத்திவிடுகின்றனர். நலமாயிருப்பது மருந்தினால் என்பதை மறக்கின்றனர். பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் அப்பொழுதே தறியை நிறுத்தி முடிந்து கொள்வர். அறுந்தபடியே நெய்தால் பிழை சேலை முழுதும் ஓடும் என்பதை அவர் அறிவர். உடலின் இழைக்கும் அவ்விதியே பொருந்தும்.

கல்வி கற்கும் நமக்கு இங்கு ஒரு கடமை உண்டு. விடுமுறையில் இல்லம் செல்லும்போது, முதியோரை அரை நாழிகை தறியினின்று எழுந்து உலாவச் செய்வோம். மாத்திரை உண்டனரா என வினவுவோம். வாயிலில் வந்த தன்னார்வலரை வரவேற்று அமரச் செய்வோம். அரசு வாயில்வரை கொணர்ந்த நலத்தை வீட்டினுள் கொண்டு சேர்ப்பது நம் கையிலேயே உள்ளது.