பழைய காருக்குப் புது பேட்டரி எதற்கு?

ஈப்போ பட்டறை ஒன்றின் வாசலுக்கு டட்சன் 120ஒய் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம். “பேட்டரி மாத்தி ரெண்டு வாரம்கூட ஆகலை தம்பி” என்கிறார் காரின் சொந்தக்காரர். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டான பையனின் கை நேராக ஸ்பேனரைத் தேடும், ஸ்டார்ட்டரைக் கழற்ற. அங்கேதான் நிறுத்த வேண்டும்.

முதலில் முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அடியோடு அணைந்தால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது முனையில் பிடிப்பு இல்லை. விளக்கு மங்காமல் எரிகிறது, ‘டக்’ மட்டும் கேட்கிறது என்றால் சோலனாய்டு, இல்லையேல் ஸ்டார்ட்டரின் கார்பன் பிரஷ். அந்த ‘டக்’கும் இல்லையா? சாவி சுவிட்சிலிருந்து சோலனாய்டுக்குப் போகும் மெல்லிய கம்பியைப் பாருங்கள். பைசா செலவில்லாத சோதனை இது. ஆனாலும் பாதிப் பேர் செய்வதில்லை.

அடுத்தது மீட்டர். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

பழைய கார்களில் பெரும்பாலும் ஏமாற்றுவது எர்த். இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங்கின் மேல். பால்மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் ரப்பரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை: மின்சாரத்தை அது விடாது. ஆகவே இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை ஒன்றுதான் மின்சாரம் திரும்பி வரும் வழி. பேராக்கின் மழையிலும் ஈரத்திலும் அதன் முனைகள் பச்சை பூத்துப்போகும். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது அங்கே வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் காணாமல் போய்விடும். 4 ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கோ அதே தடையில் 0.08 வோல்ட்தான் குறையும். அது பளிச்சென்று எரிந்து நம்மை முட்டாளாக்கும். சில சமயம் மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சுட்டால், புகைந்தால், வேறு சாட்சி வேண்டாம்.

அளப்பது எளிது. கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் பிடிக்காதபடி காயில் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எர்த் முனையில், மற்றொன்று இன்ஜின் பிளாக்கில். கூட்டாளி சாவியைத் திருப்பும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றித் தேய்த்து முடுக்குங்கள். ஸ்டார்ட்டர் சுழலாமல் ஓம் அளவில் பார்த்தால் இந்தத் தடை கண்ணில் படாது.

மோரிஸ் மைனர் வந்தால் மட்டும் ஒரு நிமிடம் நிதானியுங்கள். அதில் பாடியோடு சேர்வது பாஸிட்டிவ். வேறு காரிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது பாஸிட்டிவுக்குப் பாஸிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ்தான். இரண்டு கார்களின் பாடியும் தொட்டுக்கொள்ளக் கூடாது.

சாவி திருப்பும்போது பிடித்து, விட்டதும் அணையும் வண்டியில் பல்லாஸ்ட் ரெசிஸ்டரைப் பாருங்கள்.

இனி பிழைப்பு. 1985-இல் வந்த முதல் புரோட்டான் சாகாவையே இப்போது பழைய கார் என்று மெருகேற்றி வைக்கிறார்கள். கம்ப்யூட்டரைச் செருகிப் பழுது பார்க்கக் கற்றவர்களுக்கு இந்த வண்டிகள் வாய் திறப்பதில்லை. தோட்டம் செம்பனையாக மாறியபின் சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கமிருந்து பட்டறைக்கு வந்த நம் பையன்கள் பலரிடம் கைவேலை இருக்கிறது, சான்றிதழ் இல்லை. பிபிடி என்ற முன் அனுபவ அங்கீகார முறையில், வகுப்புக்குப் போகாமலே செய்த வேலைக்கான ஆதாரத்தைக் காட்டி எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழுக்கு முயலலாம். அதற்கு, செய்த வேலையை எழுதிவைக்க இன்றே ஒரு நோட்டு போடுங்கள். பழுதைக் கண்டுபிடித்ததற்குத் தனிக் கூலி கேட்கவும் கூச்சப்படாதீர்கள். தவுக்கே முகம் சுளித்தால் நோட்டை எடுத்துக் காட்டுங்கள். அந்த டட்சனுக்கான பக்கத்தில் இரண்டே வரி போதும்: எர்த் பட்டை, முன்பு 1.9 வோல்ட். தேய்த்து முடுக்கியபின் 0.1.