ஆஸ்பத்திரிக்கு வந்த இன்சூரன்ஸ்காரர்

கேள்வி: லாரி மோதி என் தம்பியின் இடது கை நசுங்கிவிட்டது. லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வார்டுக்கே வந்து, “ஒரு தொகை தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்” என்கிறார். போடலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போது வேண்டாம். வந்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குப் படியளப்பது கம்பெனி. விபத்து எப்படி நடந்தது என்று அவர் கேட்டு எழுதிக்கொள்ளும் வாக்குமூலம் நாளை உங்கள் தம்பிக்கு எதிராகவே திரும்பலாம். எஃப்.ஐ.ஆர். நகலைக் கொடுத்து அனுப்புங்கள், போதும்.

கை எவ்வளவு தேறும் என்று டாக்டருக்கே தெரியாத நேரத்தில் தொகை பேசுவது யாருக்கு லாபம்? 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஊனத்தின் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல. இடது கையை இழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே ஏறக்குறைய முழுதாகப் போய்விடும். அரசு குமாஸ்தாவுக்கு வேலை தங்கலாம். ஆகவே தம்பி செய்யும் தொழிலுக்கான சான்று, மருந்துச் சீட்டு, பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அசலை இன்சூரன்ஸ்காரரிடம் தராதீர்கள்.

சமரசமே கூடாது என்றில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 149-ஆவது பிரிவின்படி கம்பெனி முன்வைக்கும் தொகையை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் முன் ஏற்கலாம். சமரசப் பதிவு கிடைத்த 30 நாளுக்குள் கம்பெனி பணம் தரவேண்டும். பிடிக்காவிட்டால் மறுத்து வழக்கை நடத்தலாம்.

இழப்பீட்டு மனுவைத் திண்டுக்கல்லிலேயே போடலாம். ஆனால் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் என்கிறது 2022 ஏப்ரல் முதல் அமலிலுள்ள திருத்தம்.