கம்பி அறுந்தால் என்ன ஆகும்? பி.எல்.சி. நிரலாக்கத்தின் அடுத்த படி

கிள்ளான் நகரிலிருந்து ஜாலான் மேரு வழியே சென்றால் வரிசையாகத் தொழிற்சாலைகள் தென்படும். ரப்பர்த் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றிருந்த வட்டாரம் இது. நம் பாட்டன்மார் விடியற்காலையில் மரம் வெட்டிச் சேர்த்த பால், இன்று நைட்ரைல் எனும் செயற்கைப் பாலோடு சேர்ந்து கையுறைகளாகி உலகெங்கும் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. 1991-இல் தொடங்கப்பட்ட டாப் குளோவ் நிறுவனத்தின் ஆலைகள் பல மேருவில்தான் எழுந்தன.

கையுறை ஆலையில் பீங்கானால் செய்த கை அச்சுகள் நீண்ட சங்கிலியில் தொங்கியபடி ஓடிக்கொண்டே இருக்கும். அவை கழுவப்பட்டு, கால்சியம் நைட்ரேட் கரைசலில் தோய்ந்து, உலர்ந்து, பால் தொட்டியில் மூழ்கி, விளிம்பு சுருட்டப்பட்டு, வெந்நீரில் அலசப்பட்டு, சூளையில் வெந்து, இறுதியில் கையுறை கழற்றப்படும். சங்கிலியின் வேகம், தொட்டியின் மட்டம், சூளையின் வெப்பம் ஆகியவற்றைக் கவனிப்பது பி.எல்.சி. என நாம் சுருக்கமாக அழைக்கும் நிரல்படு தருக்கக் கட்டுப்படுத்தி.

இக்கருவி பிறந்த கதை சுவையானது. 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், கார் மாதிரி மாறும்போதெல்லாம் ரிலே பெட்டிகளைப் பிரித்துக் கம்பிகளை மாற்றும் செலவிலிருந்து விடுபட வழி தேடியது. டிக் மார்லியின் குழு உருவாக்கிய மோடிகான் 084 அதற்கு விடையாயிற்று. மின்பணியாளர்களுக்குப் பழகிப்போன ரிலே வரைபடத்தின் சாயலிலேயே நிரல் எழுதும் முறை அமைந்தது. அதுவே நாம் இன்றும் கற்கும் ஏணிப்படம்.

அடிப்படை வகுப்பில் என்ன கற்கிறோம்? பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும். மோட்டார் ஓட வேண்டும். நேரக் கணிப்பான், எண்ணி. சில நாள்களில் முடிந்துவிடும். எல்லாம் சரியாக இருக்கும்போது இயந்திரத்தை ஓட்ட இது போதும். மேல்நிலைப் பயிற்சி என்றதும் இன்னும் நூறு புதிய கட்டளைகள் என்று நினைப்பவர் உண்டு. என் கருத்தில் அது வேறு. கம்பி அறுந்தால் என்ன ஆகும், மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகும் என்று கேட்கத் தொடங்கும் இடமே மேல்நிலை.

நிறுத்துப் பொத்தானையே எடுத்துக்கொள்வோம். அழுத்தினால் சுற்று இணையும் பொத்தான் ஒரு வகை, அழுத்தினால் சுற்று துண்டிக்கப்படும் பொத்தான் மற்றொரு வகை. நிறுத்துவதற்கு இரண்டாம் வகையையே பொருத்த வேண்டும். அப்படியானால் பொத்தானை யாரும் தொடாத வேளையில் 24 வோல்ட் உள்ளீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஏணிப்படத்தில் அதனைத் திறந்த தொடுமுனையாகவே வரைய வேண்டும். புதிதாகப் பார்ப்பவர் “நிறுத்துவதற்கு மூடிய தொடுமுனை அல்லவா வேண்டும்?” என்று திருத்திவிடுவார். உடனே சங்கிலி ஓடாது. பிறகு பொத்தானையும் மாற்றிவிடுவார், இப்போது ஓடும்! சோதனையிலும் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் எலி கடித்தோ அமில ஆவியில் அரித்தோ அந்தக் கம்பி அறுந்த நாளில், சங்கிலியில் கை சிக்கிய ஒருவருக்காகத் தோழர் பொத்தானை அழுத்துவார். கட்டுப்படுத்திக்கு எதுவும் தெரியாது. சரியாக அமைத்திருந்தால் கம்பி அறுந்த கணமே சங்கிலி நின்றிருக்கும்.

அவசர நிறுத்தத்திற்கு இதுகூடப் போதாது. சாதாரண நிரலை மட்டும் நம்பாமல், பாதுகாப்பு ரிலே அல்லது அதற்கெனச் சான்று பெற்ற கட்டுப்படுத்தி வழியாகவே மின்னாற்றல் துண்டிக்கப்பட வேண்டும். பொத்தானை விடுவித்தவுடன் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கவும் கூடாது. மலேசியாவில் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் முதல் நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே நடப்பில் உள்ளது என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

அடுத்தது நேரம். கட்டுப்படுத்தி உள்ளீடுகளைப் படிக்கும், நிரலை மேலிருந்து கீழாகச் செயற்படுத்தும், வெளியீடுகளை மாற்றும். பின் மீண்டும் தொடக்கத்திற்கு வரும். இச்சுற்றுக்கு 25 மில்லிவினாடி என வைத்துக்கொள்வோம். அச்சுகள் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் செல்கின்றன. உணரி காணும் உலோகத் துண்டின் அகலம் 2 சென்டிமீட்டர். அது உணரியைக் கடக்க 20 மில்லிவினாடியே ஆகும். இரு வாசிப்புகளுக்கு இடையே ஓர் அச்சு கண்ணில் படாமலேயே போய்விடலாம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் கழற்றும் காற்று வால்வு தவறான அச்சில் ஊதும். வேக எண்ணி, இடைமறிப்பு ஆகியவை பாடத்திட்டத்தில் இருப்பது இதனால்தான்.

மின்தடை இன்னும் சிக்கலானது. ஒவ்வோர் அச்சின் நிலையையும் நகர்வுப் பதிவேட்டில் வைத்திருப்போம். மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் இருட்டில் பராமரிப்புப் பணியாளர் சங்கிலியைக் கையால் நான்கு அச்சு தூரம் நகர்த்தியிருந்தால்? நினைவகம் சொல்வதும் சங்கிலியில் இருப்பதும் வேறு வேறு. எனவே மீண்டும் தொடங்கும்போது ஓர் அடையாள அச்சைத் தேடி நிலையை உறுதிசெய்யும் படி நிரலில் இருக்க வேண்டும்.

வேலையை நிலைகளாகப் பிரித்து எழுதும் பழக்கம் இங்கே கைகொடுக்கும். தயார், ஓட்டம், நிறுத்தம், கோளாறு, மறுதொடக்கம் என நிலைகளை முதலில் தாளில் வரைந்து, எந்த நிலையில் எது இயங்கும் என்று முடிவு செய்க. சங்கிலி நிற்கும்போது எல்லாம் நிற்க வேண்டும் என்பதில்லை. பால் தொட்டியின் கலக்கியும் குளிரூட்டலும் நின்றால் பால் திரிந்துவிடும். சூளையில் நின்றுபோன கையுறைகளோ அதிக வெப்பத்தில் கெடும். சூளையைப் பி.ஐ.டி. முறையில் கட்டுப்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எரிப்பான் அணைந்திருக்கும் நேரத்திலும் தொகையீட்டுப் பகுதி பிழையைக் கூட்டிக்கொண்டே போகும். மீண்டும் எரிந்ததும் வெப்பம் இலக்கைத் தாண்டி எகிறும். அணைந்திருக்கும்போது அந்தக் கூட்டலை நிறுத்திவைக்க வேண்டும்.

மொழிகளைப் பற்றிச் சுருக்கமாக. 1993-இல் வெளிவந்த ஐ.இ.சி. 61131-3 தரம் ஐந்து நிரல் மொழிகளை வகுத்தது. ஏணிப்படத்தோடு கட்டமைப்பு உரையையும் தொடர் செயல் வரைபடத்தையும் கற்றால் நிறுவனம் மாறினாலும் அறிவு வீணாகாது. மிட்சுபிஷியா, ஓம்ரோனா, சீமென்ஸா என்ற விவாதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

ஷா ஆலாமில் சிலாங்கூர் மனிதவள மேம்பாட்டு மையம், பாங்கியில் ஜெர்மன்-மலேசியக் கழகம் முதலியவை தானியக்கத் துறையில் பயிற்சியளிக்கின்றன. பணியிலிருக்கும் முன்னாள் மாணவர்கள் தங்கள் முதலாளி எச்.ஆர்.டி. கோர்ப் நிதிக்குச் சந்தா செலுத்துகிறாரா என விசாரிக்கலாம். பயிற்சிக் கட்டணத்தை அதிலிருந்து கோர இடமுண்டு. சங்கிலியின் ஓரத்தில் நின்று கையுறை பொறுக்கும் வேலைக்கும் அச்சங்கிலிக்கு நிரல் எழுதும் வேலைக்கும் இடையே சம்பளத்தில் பெரும் தூரம். முதல் சான்றிதழோடு நம்மவர் நின்றுவிடுவது வருத்தமளிக்கிறது. சேரும் முன் பயிற்றுநரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “வகுப்பில் கோளாறுகளை உண்டாக்கிப் பார்ப்போமா?”

வீட்டிலேயே தொடங்க விரும்புவோர் ஓபன் பி.எல்.சி. எனும் இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். ஒரு சங்கிலி, ஒரு தொட்டி, ஒரு சூளை. மேற்சொன்ன ஐந்து நிலைகள். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வோர் உள்ளீட்டையும் ஒருமுறை சுழியாக்கி, எந்த நிலைக்குப் போகிறது என்று குறித்து வையுங்கள். பிறகு நிரலை நடுவிலேயே நிறுத்தி மீண்டும் ஓட்டுங்கள். யாரும் எதையும் அழுத்தாமலேயே சங்கிலி நகர்ந்தால், மறுதொடக்க நிலையைத் திரும்ப எழுத வேண்டும்.