அவதூறும் அழகிய பொறுமையும்

கல்யாண வீடு. பந்தி முடிந்து, வந்தவர்கள் கலைந்து கொண்டிருக்கிறார்கள். மணப்பெண்ணின் மோதிரம் ஒன்றைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடியாகி விட்டது, கிடைக்கவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருடைய கண்ணும், கொல்லையில் பாத்திரம் கழுவிக் கொண்டிருக்கும் ஓர் ஏழை விதவையின் மீது போய் நிற்கிறது. அவள்தானே அந்த அறைக்குள் போய் வந்தாள் என்று ஒரு மாமி மெல்லக் கேட்கிறார். பொழுது விடிவதற்குள் அது தெருப் பேச்சாகி விடுகிறது. மோதிரம் எட்டு நாள் கழித்துத் தலையணை உறைக்குள்ளிருந்து கிடைக்கலாம், கிடைக்காமலேயும் போகலாம். அதுவரை அந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள் என்ன நடக்கும்?

இது நாம் எடுத்துக்காட்டுக்காகச் சொல்வதுதான். ஆனால் இது போன்றது நடக்காத ஊர் எது? கடைக் கல்லாவில் பணம் குறைந்தால் கணக்கு எழுதுகிறவர் மீது சந்தேகம். குடும்பத்தில் பிளவு வந்தால் வந்த மருமகள் மீது பழி. செய்த குற்றத்துக்குப் பேச்சு வாங்குகிறவனுக்கு, தான் செய்ததுதானே என்ற நினைப்பாவது இருக்கும். செய்யாத குற்றத்தைச் சுமப்பவனுக்கோ தூக்கம் போகிறது, சோறு இறங்குவதில்லை. எல்லோரையும் பிடித்து நிறுத்தி, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொன்னாலும் நம்ப மாட்டார்களே என்ற வேதனை வேறு. அந்த நேரத்தில் உள்ளத்தை எங்கே நிறுத்துவது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டு வாசலில்தான் போய் நிற்போம்.

அன்னையாருக்கு நேர்ந்தது

பனூ முஸ்தலிக் படையெடுப்பு ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு என்பார் சிலர். 6-ஆம் ஆண்டு என்பார் சிலர். அந்தப் பயணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் அன்னையார் சென்றிருந்தார்கள். திரும்பி வரும்போது மதீனாவுக்கு அருகே படை தங்கியது. இரவில் தேவைக்காக வெளியே சென்ற அன்னையார், தம் கழுத்து மாலை அறுந்து விழுந்திருப்பதை அறிந்து, அதைத் தேடிப் போனார்கள். அதற்குள் படை புறப்பட்டு விட்டது. அன்னையார் உள்ளே இருப்பதாக எண்ணிப் பல்லக்கை ஒட்டகத்தின் மீது தூக்கி வைத்து விட்டார்கள். அவர்கள் இளவயதினர், மெலிந்த உடல். கனம் குறைந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்தால் அங்கே ஒருவரும் இல்லை. தேடிக்கொண்டு வருவார்கள் என்று எண்ணி, இருந்த இடத்திலேயே அமர்ந்து உறங்கி விட்டார்கள். படைக்குப் பின்னால் வந்து கொண்டிருந்த ஸஃப்வான் பின் முஅத்தல் (ரலி) அவர்கள் கண்டு, 'இன்னா லில்லாஹி' என்று ஓதினார்கள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒட்டகத்தைப் படுக்க வைத்தார்கள். அன்னையார் ஏறிக் கொண்டார்கள். அவர்கள் கயிற்றைப் பிடித்து நடத்தி வந்து, நண்பகல் வெயிலில் படையோடு சேர்த்து விட்டார்கள். நடந்தது இவ்வளவுதான்.

முனாஃபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபைக்கு இது போதுமாக இருந்தது. மதீனா முழுக்க அவதூறு பரவியது. வேதனைக்குரிய செய்தி என்னவென்றால், நல்ல முஸ்லிம்கள் சிலரும் அந்தப் பேச்சில் விழுந்து விட்டார்கள்.

பழி சுமத்தப்பட்டவர்களுக்கோ ஒன்றுமே தெரியாது. ஊர் திரும்பியதும் அன்னையார் ஒரு மாத காலம் நோயில் கிடந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வருவார்கள், ஸலாம் சொல்வார்கள், எப்படி இருக்கிறார் என்று கேட்டு விட்டுப் போய் விடுவார்கள். முன்பு நோயுற்றபோது காட்டிய பரிவு இப்போது ஏன் இல்லை என்பது மட்டும் அன்னையாரின் மனத்தை உறுத்தியது. ஒருநாள் மிஸ்தஹின் தாயார் மூலமாகச் செய்தி தெரிய வந்தது. நோய் இரட்டிப்பானது.

அழுகை பொறுமைக்கு மாறானதா?

அன்னையார் முதலில் செய்ததைக் கவனியுங்கள். நாயகம் (ஸல்) அவர்களிடம் அனுமதி பெற்றுத் தாய் வீட்டுக்குச் சென்றார்கள். கேள்விப்பட்டது உண்மைதானா என்று பெற்றோரிடம் உறுதி செய்து கொள்வதற்காகவே சென்றதாக அவர்களே கூறுகிறார்கள். கேட்டவுடன் தெருவில் இறங்கிச் சண்டை போடவில்லை. பிறகு அழுதார்கள். இரண்டு இரவும் ஒரு பகலும் கண்ணீர் நிற்கவில்லை, கண்ணுக்கு உறக்கமில்லை. அழுகையினால் ஈரல் பிளந்து விடுமோ என்று பெற்றோர் அஞ்சினார்கள்.

பொறுமை என்றால் கண்ணில் நீர் வராமல் கல்லாக இருப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பழி சுமந்தவர் அழுதால், ஈமான் போதவில்லை என்று சொல்லவும் செய்கிறோம். அன்னையாரின் ஈமானில் குறை சொல்ல யாரால் முடியும்? அவர்களே அழுதிருக்கிறார்கள். மக்காவாசிகளின் பேச்சினால் நாயகம் (ஸல்) அவர்களின் நெஞ்சம் நெருக்கடிக்குள்ளாவதை நாம் அறிவோம் என்று அல்லாஹு தஆலாவே ஸூரத்துல் ஹிஜ்ரில் (15:97) கூறுகிறான். ஆகவே நெஞ்சு கனப்பது பாவமில்லை. அடுத்த ஆயத்திலேயே அதற்கு மருந்தும் சொல்கிறான்: இறைவனைப் புகழ்ந்து தஸ்பீஹ் செய்வது, ஸுஜூது செய்பவர்களில் ஒருவராக இருப்பது. பேச்சு சுடும்போது முதலில் ஓட வேண்டிய இடம் முஸல்லாதான்.

செய்யாததை ஒப்புக் கொள்ளாமை

இறுதியில் நாயகம் (ஸல்) அவர்கள் வந்து அருகில் அமர்ந்தார்கள். ஒரு மாதமாக வஹீ வரவில்லை. நீ குற்றமற்றவளாயின் அல்லாஹ் அதை வெளிப்படுத்துவான். தவறு நேர்ந்திருந்தால் அவனிடம் தவ்பா செய் என்னும் கருத்துப்படக் கூறினார்கள். அந்த நொடியில் அன்னையாரின் கண்ணீர் வற்றி விட்டது. எனக்காகப் பதில் சொல்லுங்கள் என்று வாப்பாவிடம் கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றார்கள் அபூபக்கர் (ரலி) அவர்கள். உம்மாவிடம் கேட்டார்கள்; அவர்களும் அதையே சொன்னார்கள்.

பின்னர் அன்னையாரே பேசினார்கள். கேட்ட பேச்சு உங்கள் மனத்தில் பதிந்து விட்டது. நான் குற்றமற்றவள் என்றால் நம்ப மாட்டீர்கள். நான் குற்றமற்றவள் என்பதை அல்லாஹ் அறிந்திருக்க, செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் உடனே நம்புவீர்கள். யூஸுஃபின் தந்தை சொன்னதைத் தவிர எனக்குச் சொல்ல வேறில்லை என்று கூறி, அழகிய பொறுமையையும் அல்லாஹ்வின் உதவியையும் முன்வைத்தார்கள் (12:18). அந்தத் துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் பெயர் கூட நினைவுக்கு வரவில்லை. சொல்லி விட்டுத் திரும்பிப் படுத்துக் கொண்டார்கள்.

இதில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. தொல்லை தீரட்டும் என்று செய்யாத குற்றத்தை ஒப்புக் கொள்ளவில்லை. உண்மையை ஒரு முறை தெளிவாகச் சொன்னார்கள். மீண்டும் மீண்டும் சத்தியம் செய்து கெஞ்சவில்லை. எல்லோரும் நம்பினால்தான் நான் நிற்பேன் என்றில்லாமல், அல்லாஹ் அறிந்திருக்கிறான் என்பதில் உள்ளத்தை ஊன்றிக் கொண்டார்கள்.

நமக்கு வஹீ வராதே?

இங்கே ஒரு கேள்வி எழும். அன்னையாரின் தூய்மைக்கு ஸூரத்துந் நூரில் ஆயத்துக்கள் இறங்கின. நமக்காக எது இறங்கப் போகிறது?

அன்னையார் பிற்காலத்தில் சொன்னதைக் கேளுங்கள். என் விஷயத்தில் ஓதப்படும் வசனம் இறங்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அதற்கு நான் மிகச் சிறியவள் என்றே எண்ணியிருந்தேன். நாயகம் (ஸல்) அவர்கள் கனவில் ஏதேனும் காணக்கூடும் என்றுதான் எதிர்பார்த்தேன் என்னும் கருத்தில் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் அவர்கள் திரும்பிப் படுத்துக் கொண்டபோது கையில் இருந்தது என்ன? வஹீ இல்லை. சாட்சி இல்லை. பெற்றோரின் வாயிலிருந்து ஒரு சொல் கூட இல்லை. அல்லாஹ் அறிவான் என்ற ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்று இன்று அந்த ஏழை விதவையிடமும் இருக்கிறது. அதை அவளிடமிருந்து பறிக்க ஒருவராலும் ஆகாது.

இந்த உலகத்தில் மோதிரம் கிடைக்காமலே போகலாம். ஆனால் நாவுகளும் கைகளும் கால்களும் சாட்சி சொல்லும் ஒரு நாள் உண்டென்று அதே ஸூரா (24:24) எச்சரிக்கிறது. தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டு வந்து, பிறர் மீது அவதூறு சொன்னதற்கும் அநியாயம் செய்ததற்கும் ஈடாகத் தன் நன்மைகளையெல்லாம் கொடுத்து விட்டு வெறுங்கையோடு நிற்பவனே உண்மையில் திவாலானவன் என்னும் கருத்திலமைந்த ஹதீது முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. பழி சுமந்தவர் இழந்தவர் அல்லர். இழந்தவன் பழி சொன்னவனே.

வாய் மூடியே இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. தீய பேச்சைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை. அநீதிக்குள்ளானவருக்கு அதில் விலக்கு உண்டு என்று திருக்குர்ஆன் (4:148) கூறுகிறது. யூஸுஃப் (அலை) அவர்களைச் சிறையிலிருந்து விடுவிக்க அரசனின் ஆள் வந்தபோது, கைகளை வெட்டிக் கொண்ட பெண்களின் செய்தி என்னவென்று முதலில் விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் (12:50). பெயரில் பட்ட கறை நீங்கிய பிறகுதான் வெளியே வந்தார்கள். ஆகவே ஜமாஅத்துப் பெரியவர்களிடம் சொல்வதும், கணக்கைக் காட்டுவதும், தேவைப்பட்டால் வழக்குமன்றம் செல்வதும் பொறுமைக்கு மாறானவை அல்ல.

ஆனால் அதே யூஸுஃப் (அலை) அவர்களின் முகத்துக்கு நேரே, இவனுடைய அண்ணனும் முன்பு திருடியவன்தான் என்று சகோதரர்கள் பொய் சொன்னபோது, அதிகாரம் கையில் இருந்தும் அதை மனத்துக்குள்ளேயே வைத்துக் கொண்டார்கள் (12:77). எங்கே பேச வேண்டும், எங்கே விழுங்க வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் சேர்ந்து கற்றுத் தருகின்றன. விசாரிக்கக் கூடியவரிடம் பேச வேண்டும். வம்புக்கு நிற்பவரிடம் பேசிப் பயனில்லை. கோபத்தில் எதிரியின் குடும்பத்தைப் பற்றி நாமும் ஒரு கதை கட்டி விட்டால், சற்று முன் சொன்ன திவாலானவனின் வரிசையில் நாமும் போய் நிற்போம். கோபம் வந்தால் நின்றிருப்பவர் உட்காரட்டும். அப்போதும் தணியாவிட்டால் படுத்துக் கொள்ளட்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி.

வீட்டார் கடமை

நெருப்பில்லாமல் புகையுமா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. அன்னையாரின் விஷயத்தில் நெருப்பு என்று சொல்ல ஒரு பொறி கூட இல்லை; ஆனால் மதீனா முழுக்கப் புகை. இதைக் கேள்வியுற்றபோதே முஃமின்களான ஆண்களும் பெண்களும் நல்லெண்ணம் கொண்டு, இது பகிரங்கமான பொய் என்று சொல்லியிருக்க வேண்டாமா என்று அல்லாஹ் கண்டிக்கிறான் (24:12). நாவால் பரப்பியதை நீங்கள் அற்பமாக நினைத்தீர்கள். அல்லாஹ்விடம் அது மிகப் பெரிது என்றும் எச்சரிக்கிறான் (24:15).

அன்றும் நாவைக் காத்தவர்கள் இருந்தார்கள். பணிப்பெண் பரீரா (ரலி) அவர்களை விசாரித்தபோது, மாவைப் பிசைந்து வைத்து விட்டு உறங்கி விடுவார், ஆடு வந்து தின்று விடும். இதைத் தவிர ஒரு குறையும் நான் கண்டதில்லை என்றார்கள். ஸைனப் (ரலி) அவர்கள் நாயகத்தின் மற்றொரு மனைவி. அவர்களுடைய சொந்தச் சகோதரியே அவதூறில் விழுந்திருந்தும், என் செவியையும் பார்வையையும் காத்துக் கொள்கிறேன், நல்லதைத் தவிர அறியேன் என்றார்கள். அபூ அய்யூப் (ரலி) அவர்களோ, நீ இப்படிச் செய்வாயா என்று தம் மனைவியிடம் கேட்டு, மாட்டேன் என்றதும், ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவராயிற்றே என்று பேச்சை முடித்து விட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அன்ஸாரிப் பெண் ஒருவர் வந்தார். கேள்வி கேட்கவில்லை, புத்திமதி சொல்லவில்லை. அன்னையாரோடு சேர்ந்து உட்கார்ந்து அழுதார். அந்தப் பெண்ணின் பெயர் ஹதீதில் வரவில்லை. அந்தக் கண்ணீர் வந்திருக்கிறது.

பழி சுமந்தவரின் வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த அன்ஸாரிப் பெண்ணைப் போலப் போகட்டும். நடந்ததை விசாரித்து அறிந்து வெளியே சொல்வதற்காகப் போவதைவிட, போகாமலிருப்பது மேல்.

பழி நீங்கிய பிறகு

ஆயத்துக்கள் இறங்கின. இதை உங்களுக்குத் தீங்கென்று எண்ணாதீர்கள், நன்மையே என்று அல்லாஹ் ஆறுதலும் அளித்தான் (24:11). அவதூறு பரப்பியவர்களில் ஒருவரான மிஸ்தஹ், அபூபக்கர் (ரலி) அவர்களின் உறவினர். அவர்களுடைய உதவியில் வாழ்ந்த ஏழை. இனி அவருக்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். மகளைப் பெற்றவரின் வேதனை அது. ஆனால், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை விரும்ப மாட்டீர்களா என்று கேட்கும் ஆயத்து (24:22) இறங்கியதும், விரும்புகிறேன் என்று சொல்லி, நிறுத்திய உதவியை மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

மோதிரம் தலையணை உறைக்குள் கிடைத்தால் நாம் என்ன செய்கிறோம்? 'அப்பாடா, கிடைத்து விட்டது' என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். அந்த விதவையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வருபவர் எத்தனை பேர்? அநீதிக்குள்ளானவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்பது நபிமொழி. அவள் கையேந்துவதற்கு முன் அவள் வாசலுக்குப் போய் விடுவோம். பழியைத் தெருவறியச் சொன்னவர்கள் மன்னிப்பையும் தெருவறியவே கேட்க வேண்டும்.

யா அல்லாஹ்! செய்யாத பழி எங்கள் மீது வரும்போது, நீ அறிந்திருக்கிறாய் என்பதில் எங்கள் உள்ளங்களை நிலைநிறுத்துவாயாக! பிறர் மீது பழி சொல்வதிலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக! ஆமீன்.