கும்மிடிப்பூண்டியில் கோழி வளர்க்கும் தம்பிக்கு



ஓடு பிடிக்காமல் வெறும் தோலோடு வந்த முட்டைகளின், அதாவது தோல்முட்டைகளின், படங்களை நீ அனுப்பியிருந்தாய், பார்த்தேன். "பகல் முழுக்க மேயுது அண்ணே, பூச்சி புழு, புல் எல்லாம் கிடைக்குது, அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்டிருக்கிறாய். உனக்கு மட்டும் எழுதி முடித்துவிடாமல் பொதுவில் எழுதுகிறேன். சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை நின்றுபோய், கையிலிருந்த பணத்தைக் கோழியில் போட்ட பிள்ளைகள் எளாவூரிலும் மாதர்பாக்கத்திலும் பாதிர்வேட்டிலும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் இந்தக் கேள்விதான்.

மேய்ச்சல் நல்லது. ஆனால் முட்டைக்கு அது மட்டும் போதாது. நம் வீட்டுப் பெரியவர்கள் வளர்த்த சிறுவிடைக் கோழி ஆண்டுக்கு 60, 80 முட்டை இடும். பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அந்த ஓய்வில் உடம்பைத் தேற்றிக்கொள்ளும். அந்தக் கோழிக்குக் குப்பைமேடும் களத்துமேடும் ஒரு பிடி நொய்யும் போதுமானதாக இருந்தது. நீ பாதிக்குமேல் வைத்திருப்பது கிராமப்ரியா. ஐதராபாத்தில் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தார் முட்டைக்கென்றே உருவாக்கிய ரகம். சரியான தீனி கிடைத்தால் ஆண்டுக்கு 180, 200 முட்டை இடக்கூடியது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தீனியில் கிடைக்காவிட்டால், தன் எலும்பிலிருந்து எடுத்து ஓட்டில் வைக்கும். எலும்பிலும் தீர்ந்தபின் வருவதுதான் நீ படமெடுத்த தோல்முட்டை.

முட்டையிடும் கோழியின் தீனியில் நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு புரதம் வேண்டும், மூன்றரை முதல் நான்கு பங்கு சுண்ணாம்புச் சத்து வேண்டும். நொய்யும் தவிடும் சோறும் வயிற்றை நிரப்பும், புரதத்தை நிரப்பாது. முட்டை குறைந்துவிட்டதே என்று இன்னும் இரண்டு படி நொய் வைப்பவர்களைப் பார்க்கிறேன். அதில் கோழிக்குக் கொழுப்புத்தான் ஏறும், முட்டை ஏறாது.

நீ கலக்கும் தீனிக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், பத்துக் கிலோவுக்கு. உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ 900 கிராம். அதில் ஒரு பகுதிக்குக் கம்போ நொய்யோ போடலாம். நொய்யும் தவிடும் செங்குன்றத்து அரிசி ஆலைகளில் கிடைக்கும். தவிடு ஒன்றரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். அதிலுள்ள ஃபைடிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும், நாள்பட்டால் தவிடு சிக்கும் அடிக்கும். சோயாப் புண்ணாக்கு 1 கிலோ 200, கடலைப் புண்ணாக்கு 800 கிராம், காய்ந்த சிறுமீன் தூள் 600 கிராம், கிளிஞ்சல் தூள் 800 கிராம், கோழிக்கென்றே விற்கும் தாது உப்பு, வைட்டமின் கலவை 200 கிராம். மாட்டுக்கு விற்கும் தாது உப்பை வாங்கிப் போட்டுவிடாதே, அளவுகள் வேறு.

சிறுமீனுக்கு நீ தூரம் போக வேண்டியதில்லை. பழவேற்காட்டில் உப்புப் போடாமல் காயவைத்ததாகக் கேட்டு வாங்கு. உப்புக் கருவாடு என்றால் கோழி தண்ணீராகக் குடித்துத் தண்ணீராகவே கழியும். மீனை விட்டால் மெத்தியோனின் என்ற புரதக்கூறு நம் ஊர்த் தீனியில் எளிதில் கிடைக்காது. சோளத்திலும் சோயாவிலும் முதலில் குறைவது அதுதான். எள்ளுப் புண்ணாக்கில் ஓரளவு உண்டு, கிடைத்தால் கடலைப் புண்ணாக்கில் பாதிக்கு அதைப் போடு. மீனை மட்டும் கூட்டிக்கொண்டே போகாதே. முட்டையில் வாடை வந்துவிட்டால் வாங்குகிறவர்கள் மறுபடி வரமாட்டார்கள்.

கலந்து வைத்தால் போதுமா? கலந்ததைக் கோழி அப்படியே தின்னாது. போன முறை உன் கொட்டகைக்கு வந்தபோது தீனித்தொட்டியைக் கவனித்தேன். சோளக் குருணையெல்லாம் காலி, அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு விரல் கனத்துக்குத் தூள். அந்தத் தூளில்தான் புண்ணாக்கும் மீனும் தாது உப்பும் வைட்டமினும் கிடந்தன. நீ அதன்மேல் புதுத் தீனியைக் கொட்டினாய். கோழி மறுபடியும் குருணையைப் பொறுக்கியது. பெரிய கோழி பொறுக்கித் தின்ன, ஒதுங்கி நிற்கும் சின்னக் கோழிக்குத் தூளே மிச்சம். அதனால்தான் ஒரே கொட்டகையில் சில கோழி கொழுத்துக் கிடக்கிறது, சில கோழி வற்றிப்போய் இருக்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. சோளத்தைக் கொஞ்சம் சன்னமாக, எல்லாம் ஒரே அளவாக உடைக்கச் சொல். காலையில் வைக்கும் பங்கில் தண்ணீர் தெளித்துப் பிசிறு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதற்குமேல் ஈரம் வேண்டாம். தூள் குருணையில் ஒட்டிக்கொள்வதால் பொறுக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் தின்று தீர்க்கிற அளவே வை. ஈரத் தீனி நம் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். தொட்டி வழித்துத் தின்னப்பட்ட பிறகுதான் அடுத்தது. கூட்டமாக இடித்துக்கொள்ளாதபடி இரண்டு மூன்று தொட்டிகளைத் தள்ளித் தள்ளிப் போடு.

நேரமும் முக்கியம். கொட்டகையைத் திறந்து விரட்டிவிட்டுச் சாயங்காலம் தீனி வைப்பது நம் பழக்கம். முட்டைக்கோழிக்கு அதைத் திருப்பிப் போடு. விடிந்ததும் தீனிப்பை காலியாக இருக்கும். அந்தப் பசிக்குச் சரிவிகிதத் தீனியைக் கொடு, பிறகு திறந்துவிடு. வயிறு பாதி நிறைந்த கோழி வெளியில் போய்ப் பூச்சியையும் கீரையையும் தேடும், கண்டதையும் கொத்தாது. மாலையில் ஒரு பிடி கம்பு வீசினால் கூப்பிட்ட குரலுக்கு வந்து அடையும். அது கூட்டி வருவதற்கான தானியம், அந்த அளவோடு நிறுத்து. அடைந்த பிறகு நாலைந்து கோழியின் கழுத்தடியைத் தொட்டுப் பார். தீனிப்பை நிறைந்து கெட்டியாக இருக்க வேண்டும். தளர்ந்து தொங்கினால் அந்தக் கோழி தொட்டிக்கே வர முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம்.

இனிச் சுண்ணாம்பு. முட்டை ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில். கோழி தூங்கும் நேரத்தில்தான் உடம்புக்குச் சுண்ணாம்பு அதிகம் தேவைப்படுகிறது. தூளாகக் கொடுத்தது அதற்குள் குடலைக் கடந்துவிடும். துவரம்பருப்பு அளவுக்கு உடைத்த கிளிஞ்சல் அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். அதனால் தீனியில் கலந்த தூளோடு, தனி மண்சட்டியில் உடைத்த கிளிஞ்சலை மதியத்துக்குமேல் வை. பழவேற்காட்டுக் கிளிஞ்சலை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி உப்புப் போகக் காயவைத்து உடை. சுண்ணாம்புத் தேவை கோழிக்குத் தானாகவே தெரியும். மறுநாள் முட்டையிடப் போகிற கோழிதான் மாலையில் அந்தச் சட்டிக்கு அதிகம் வரும், நின்று கவனித்தால் புரியும். ஆனால் குஞ்சுகளையும் முட்டைக்கு வராத விடைக்கோழிகளையும் இந்தத் தீனியில் சேர்க்காதே. அவற்றுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பே போதும். கூடினால் சிறுநீரகம் கெடும்.

ஐப்பசி பிறந்தால் கடலைப் புண்ணாக்கில் கண் வை. அடைமழையில் அதில் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான் உலகம் இந்த நஞ்சை அடையாளம் கண்டது. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்தது அது. நம் கோழி உடனே சாகாது. ஈரல் கெட்டு, முட்டை குறைந்து, எந்த நோய்க்கும் ஆளாகும். மூட்டையைச் சுவரில் சாய்க்காமல் பலகைமேல் வை, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கி அடுக்காதே. சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம். மார்கழியில் முட்டை குறைவதற்குத் தீனி மட்டும் காரணமில்லை. அப்போது நமக்குப் பகல் பதினொன்றரை மணி நேரம்கூட இல்லை, முட்டைக்கோழிக்குப் பதினான்கு மணி நேர வெளிச்சமாவது வேண்டும். விடியலுக்கு முன் ஒரு பல்பு எரியட்டும்.

இவ்வளவும் எந்த ஊர்க் கோழிக்கும் பொருந்தும். கும்மிடிப்பூண்டிக் கோழிக்கு இன்னொன்று இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கோழி கொத்தும்போது ஒவ்வொரு கொத்திலும் மண்ணும் உள்ளே போகிறது. உன் ஊரைச் சுற்றி உருக்கு ஆலைகள், இரும்பு உருட்டும் ஆலைகள், பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுக்கும் ஆலைகள். புகையில் வருவது மண்ணில் படிகிறது, மண்ணில் படிந்த ஈயம் எங்கும் போவதில்லை. ஈயத்துக்கும் சுண்ணாம்புக்கும் உடம்புக்குள் பாதை ஒன்றுதான். தீனியில் சுண்ணாம்பு குறைந்தால் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும், அது எலும்பில் சேரும், அங்கிருந்து ஓட்டுக்கும் மஞ்சள் கருவுக்கும் போகும். தோல்முட்டை இடும் உன் கோழிகள்தான் மண்ணிலுள்ள நஞ்சையும் அதிகம் வாங்கக்கூடியவை. மற்ற ஊரில் தீனித்தொட்டியைச் சரிசெய்தால் வருமானம் கூடும். இங்கே அது முட்டை தின்கிறவர்களுக்கும் ஒரு காவல்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வீட்டுத்தோட்டக் கோழிகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். அந்த முட்டைகளில் சராசரியாகக் கடை முட்டையைப்போல் 40 மடங்குக்கும் மேல் ஈயம் இருந்தது. கேரளத்தில் பெரியாற்றங்கரையின் ஏலூர் தொழிற்பேட்டைப் பகுதியில் மேய்ந்த கோழிகளின் முட்டைகளில் டயாக்சின் இருப்பதை 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. டயாக்சின் என்பது குப்பையையும் பிளாஸ்டிக்கையும் எரிக்கும்போது உண்டாகி, சாம்பலில் தங்கி, மஞ்சள் கருவின் கொழுப்பில் சேர்வது. நாட்டுக்கோழி முட்டையைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் யார் என்று உனக்குத் தெரியும். கைக்குழந்தைக்கு ஊட்டுவதற்கென்று கேட்டு வாங்குகிறார்கள். குழந்தையின் மூளைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்ற அளவே கிடையாது.

அதனால் உன் மேய்ச்சலைப் பாதியாக்கு. பழைய இரும்புக் கடையை ஒட்டிய மேற்கு வேலிப் பக்கத்தை வலை போட்டு அடை. காப்பருக்காக ஒயர் எரித்த சாம்பல் அங்கே மேடாகக் கிடக்கிறது, கோழி அதில் புரண்டு குளிப்பதைப் பார்த்தேன். புரளுவதற்கு வீட்டு விறகுச் சாம்பலும் ஆற்றுமணலும் கலந்து கொட்டகை நிழலில் ஒரு குழி போட்டுக் கொடு. ரோட்டோரத்திலிருந்து மண்புழு தோண்டிப் போடுவதை நிறுத்து. மண்ணிலிருக்கும் உலோகம் மண்புழு உடம்பில் சேரும். பச்சைக்கு அகத்தி, முருங்கை, தொட்டியில் வளர்த்த அசோலா போதும், அதையும் அலசிக் கொடு. தரையில் தீனி வீசாதே. மாலைக் கம்பைக்கூடச் சிமெண்ட் தளத்திலோ சாக்கின் மேலோ போடு. கிழக்கே ஏரிக்கரைப் பக்கம் உன் மாமாவின் மூன்று சென்ட் இடம் சும்மா கிடக்கிறது என்றாயே, அங்கே வேறு இடத்து நல்ல மண்ணை ஒரு முழத்துக்குக் கொட்டிக் கோழியை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

மேற்கு வேலியில் மேய்ந்த கோழிகளை இன்றே தனியாகப் பிரித்துக் கட்டு. ஈயம் வருவதை நிறுத்தினாலும் எலும்பில் சேர்ந்தது வடிய வாரக்கணக்காகும். சோதித்துப் பார்க்கும்வரை அந்த முட்டைகளை விற்காதே, உன் வீட்டிலும் யாரும் சாப்பிட வேண்டாம். இரண்டு பக்கத்து மண்ணையும் தனித்தனிப் பையில் எடுத்து, எந்தப் பக்கம் என்று மேலே எழுதி வை. ஈயத்துக்குச் சோதிக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்; சாதாரண மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்தோடு முடித்துவிடுவார்கள். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் எங்கே அனுப்புவது என்று முதலில் விசாரிப்போம். அடுத்த வாரம் உனக்கு நைட் ஷிப்ட் இல்லாத நாளைச் சொல், நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்