கடல் வழிக்குக் காவல் யார்?
(கருங்கடல் தானிய உடன்பாடு வணிகருக்குத் தரும் பாடம்)

2022 மார்ச் மாதத்தில் சன்பிளவர் ஆயில் விலை ஏறியபோது, "நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலையா?" என்று வாடிக்கையாளர்கள் நம்மைத்தான் கேட்டார்கள். மொத்த வியாபாரியைக் கேட்டால், "வரத்து இல்லை" என்றார். வரத்து ஏன் நின்றது என்பதற்கு விடை கருங்கடலில் இருந்தது. உலகப் பாதுகாப்பு என்பது மந்திரிகளும் தளபதிகளும் பேசும் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அது நம் கொள்முதல் விலையில் சேர்ந்திருக்கிறது.

வழி அடைபட்டது

24-2-2022 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. அதுவரை சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதியில் உலகில் முதலிடம் உக்ரைனுக்கு. இந்தியா வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. போர் மூண்டதும் துறைமுகங்கள் மூடப்பட்டன. கடலில் கண்ணி வெடிகள் மிதந்தன. துறைமுகத்தில் சிக்கி நின்ற வங்கதேசக் கப்பல் ஒன்று மார்ச் 2 அன்று தாக்கப்பட்டு, பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு எந்தக் கப்பல் முதலாளி துணிவார்? துணிந்தாலும், போர் அபாய இன்சூரன்ஸ் இல்லாமல் கப்பல் நகராது.

சரக்கு கிடங்கில் இருந்தது. வாங்க ஆளும் பணமும் இருந்தன. வழி மட்டும் இல்லை. இதற்கிடையில் இந்தோனேசியாவும் ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதியை நம்பும் நம் நாட்டுக்கு இது இரட்டை அடி.

பெரிய சபையால் முடியாதது

இத்தகைய நேரத்தில் தலையிடவே 1945-ல் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஏற்பட்டது. ஆனால் அதில் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளுக்கு 'வீட்டோ' என்னும் தடுப்பு அதிகாரம் உண்டு. அவற்றில் ஒன்று ரஷ்யா. 25-2-2022 அன்று படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு 11 நாடுகள் ஆதரவளித்தும், ரஷ்யாவின் ஒரே வாக்கு அதை வீழ்த்தியது. மார்ச் 2-ல் பொதுச் சபையில் 141 நாடுகள் கண்டித்தன. எனினும் அந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. வழக்கில் ஒரு தரப்பே பஞ்சாயத்திலும் உட்கார்ந்திருந்தால் தீர்ப்பு வருமா?

நடுவர் வைத்து முடித்த பேச்சு

பெரிய சபை முடங்கிய இடத்தில் ஒரு சிறிய ஏற்பாடு கை கொடுத்தது. கருங்கடலின் வாசலான ஜலசந்திகள் துருக்கியின் வசம் உள்ளன. அங்கு போர்க்கப்பல் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் உரிமையை 1936-ம் ஆண்டு மோன்ட்ரோ உடன்படிக்கை துருக்கிக்குத் தந்தது. இரு நாடுகளோடும் பேச்சு வைத்திருந்த துருக்கியும் ஐ.நா.வும் நடுவராக நின்றன. 22-7-2022 அன்று இஸ்தான்புல்லில் உடன்பாடு கையெழுத்தானது.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே தாளில் கையெழுத்திடவில்லை. தனித்தனியே நடுவர்களோடு கையெழுத்திட்டன. பேச்சுவார்த்தை அற்ற இரு வியாபாரிகள் தரகரிடம் வாக்குக் கொடுப்பது போல!

உக்ரைனின் மூன்று துறைமுகங்கள் திறந்தன. இஸ்தான்புல்லில் நான்கு தரப்பும் சேர்ந்த குழு, போகும் கப்பலையும் வரும் கப்பலையும் சோதித்தது. ஆகஸ்ட் 1-ல் முதல் கப்பல் மக்காச்சோளத்துடன் ஒடெசாவை விட்டுப் புறப்பட்டது. ஓராண்டுக்குள் சுமார் 3 கோடியே 29 லட்சம் டன் உணவுப்பொருள் வெளியேறியது. ஆப்கானிஸ்தான், சோமாலியா, ஏமன் போன்ற பசித்த நாடுகளுக்கு உலக உணவுத் திட்டம் அனுப்பிய 7 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கோதுமையும் இதில் அடக்கம்.

ஏன் முறிந்தது?

உடன்பாட்டின் தவணை 120 நாள். 2023-ல் மார்ச்சிலும் மே மாதத்திலும் 60 நாளுக்கு மட்டுமே ரஷ்யா சம்மதித்தது. தன் உர, தானிய ஏற்றுமதிக்கு வாக்களித்த வசதிகள் கிடைக்கவில்லை என்று சொல்லி, 17-7-2023 அன்று விலகிக்கொண்டது. அடுத்த நாட்களில் ஒடெசா துறைமுகம் தாக்கப்பட்டது. ஆகஸ்டில் உக்ரைன், ருமேனியா, பல்கேரியா கரையோரமாகத் தனி வழி வகுத்துக்கொண்டது. இந்தியாவோ ரஷ்யா, அர்ஜென்டினா முதலிய நாடுகளிலிருந்தும் சூரியகாந்தி எண்ணெயைக் கூடுதலாக வாங்கியது.

நாம் கொள்ள வேண்டியவை

1. நம்பிக்கை இல்லாத இடத்தில் சோதனை வேண்டும். இரு தரப்பும் பார்க்க எடை போட்டால் பகையாளியோடும் வியாபாரம் நடக்கும்.

2. ஒரு தரப்புக்கு ஆதாயம் இல்லை என்ற எண்ணம் வந்தால் ஒப்பந்தம் நிலைக்காது. தவணை குறுகக் குறுகச் சந்தையில் அச்சம் கூடும்.

3. ஒரே இடத்துச் சரக்கை நம்பியிருப்பது நாட்டுக்கும் ஆபத்து, கடைக்கும் ஆபத்து.

4. தட்டுப்பாட்டைக் காரணம் காட்டிப் பதுக்குவது தற்காலிக லாபம். காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, பழைய கொள்முதலைப் பழைய விலைக்கே தந்தால் வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகமாட்டார்.

கடல் வழிக்குத் தனிக் காவலர் எவரும் இல்லை. அந்த வழியால் பிழைப்பவர்கள் கூடிப் பேசினால்தான் அது திறந்திருக்கும். சங்கம் வைத்து வணிகம் செய்யும் நமக்கு இது புரியாததல்ல.